"மூணு மாத்திரையா?"

புலிமியாவுக்கு, அதாவது அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்து வெளியேற்றும் நோய்க்கு, மனச்சோர்வு மாத்திரை கொடுக்கிறார்களாமே, மனச்சோர்வே இல்லை, அப்புறம் எதற்கு அந்த மாத்திரை என்று கேட்ட தங்கைக்கு இது. நானும் அதையேதான் கேட்டேன்.

என் புலிமியாவை முதலில் கண்டுபிடித்தது பினாங்கில் ஒரு பல் டாக்டர். மேல் பற்களின் உள்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தவர், குரலைத் தாழ்த்தி, "அடிக்கடி வாந்தி வருமாம்மா?" என்றார். ஏழு வருஷம் வீட்டில் ஒளித்ததைப் பல் காட்டிக்கொடுத்துவிட்டது. அப்போது எனக்கு 22 வயது.

மனநல டாக்டர் முதலில் ரத்தம் எடுத்து பொட்டாசியம் பார்த்தார், அடிக்கடி வாந்தி எடுத்தால் அது குறைந்துவிடுமாம். பிறகு ஃப்ளுவாக்ஸிடின், நீ கேட்ட அந்த மனச்சோர்வு மாத்திரை. புரோசாக் என்றால் எல்லோருக்கும் தெரியும். 20 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல 60க்கு வந்தோம், அதாவது காலையில் மூன்று கேப்சூல். அம்மா அவற்றை உள்ளங்கையில் வைத்து எண்ணிவிட்டு, "மூணா? அவ்வளவு முத்திப்போச்சா?" என்றார். அப்படி இல்லையாம். இந்த நோய்க்கு வழக்கமான அளவே அதுதான். 1992இல் வந்த ஆய்வில் 20ஐ விட 60தான் நன்றாக வேலை செய்தது. பிறகு அமெரிக்கா இதற்கென்றே அனுமதி கொடுத்தது. மனச்சோர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கேட்கிறது.

முதல் இரண்டு வாரம் ஒரே குமட்டல். வாந்திக்காரிக்குக் குமட்டல் மாத்திரை! தூக்கமும் சரியில்லை. இளவயது என்பதால், ஆரம்பத்தில் என் மனநிலையைக் கவனிக்கும்படி அம்மாவிடம் டாக்டர் தனியாகச் சொல்லியிருந்தார். அம்மா கவனித்த கவனிப்பில் குளியலறைக் கதவைக்கூடச் சாத்த முடியவில்லை.

மாற்றம் தெரிந்தது தீபாவளிக்கு. அத்தை வீட்டில் முறுக்கு டின் திறந்தால், அடித்தூள் தட்டுப்படும்வரை என் கை நிற்காது. அந்த வருஷம் இரண்டு எடுத்தேன். மூன்றாவதற்கு முன்னால் யோசிக்க ஒரு நொடி கிடைத்தது. மாத்திரை எனக்குக் கொடுத்தது அந்த ஒரு நொடியைத்தான். அதை வைத்து என்ன செய்வது என்பதை வாராவாரம் கவுன்சலிங்கில் கற்றுக்கொண்டேன், அதுவும் தட்டுத்தடுமாறி.

ஒன்று மட்டும் கேள், தங்கச்சி. டாக்டரிடம் வாந்தி விஷயத்தை மறைக்காதே. வெறும் மனச்சோர்வு என்று சொன்னால் புப்ரோபியான் என்ற வேறொரு மனச்சோர்வு மாத்திரையை எழுதிவிடக்கூடும். அது நமக்கு ஆகாது, வலிப்பு வரலாம். சொல்ல வாய் வரவில்லையா? எழுதிக் கொடு. நான் பார்மசி ரசீதின் பின்பக்கத்தில் எழுதித்தான் நீட்டினேன்.