மறு: மாணவர் மதிப்பீட்டில் பாலினச் சார்பு: நல்ல சொல் உண்டா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது. மாணவர்கள் ஆசிரியருக்கு மதிப்பெண் இடும்போது ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துச் சாய்கிறார்களே, அதற்கு இத்தனை மடல் ஓடியும் சொல் அமையவில்லை.

> ‘மாணவர் மதிப்பீடு’ என்பதில் என்ன குழப்பம்?

குழப்பம் வேற்றுமை உருபு மறைந்து நிற்கும் தொகையில்தான் ஐயா. மாணவரை மதிப்பிடுவதா, மாணவரால் மதிப்பிடுவதா? இரண்டாம் வேற்றுமையா மூன்றாம் வேற்றுமையா என்று சொல்லைப் பார்த்துத் தெரியாது. கரும்பலகையில் எழுதியதும் என் வகுப்பு முழுக்கத் தேர்வு மதிப்பெண் என்றே எடுத்துக்கொண்டது. ‘மாணவர் இடும் மதிப்பீடு’ என்று விரித்துவிடலாம்.

> ‘பாகுபாடு’ எல்லாருக்கும் புரியுமே.

புரியும் அக்கா. ஆனால் தெரிந்தே பிரித்து நடத்துவது என்ற பொருள் அதில் ஏறிவிட்டது. வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015இல் அச்சான ஆய்வைப் பாருங்கள். இணையவழி வகுப்பு, துணை ஆசிரியர்கள் ஆண் ஒருவர், பெண் ஒருவர். ஆளுக்கு இரண்டு குழு. ஒன்றைத் தம் பெயரிலும் மற்றதை அடுத்தவர் பெயரிலும் நடத்தினார்கள். பணிகளை எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் திருத்திக் கொடுத்தார்கள். அப்படியும் ‘காலத்தில் தந்தாரா’ என்பதற்கு ஆண் பெயருக்கு 5க்கு 4.35, பெண் பெயருக்கு 3.55! 43 மாணவர்கள்தான், சிறிய ஆய்வு. ஆனால் அந்தப் பிள்ளைகள் வேண்டுமென்றே குறைத்தார்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தங்களுக்கே தெரியாமல் சாய்ந்திருக்கிறார்கள். அந்தச் சாய்வுக்குத்தான் சொல் கேட்கிறேன்.

குறளிலேயே இருக்கிறது: உட்கோட்டம், அதாவது மனத்துக்குள் இருக்கும் வளைவு. நடுவுநிலைமை அதிகாரத்தில் ‘ஒருபால் கோடாமை’க்கு அடுத்த குறள். அங்கே பால் என்பது பக்கம். ஆண்பால், பெண்பாலிலும் பகுதி என்ற பொருள்தான் அடியில் கிடக்கிறது. கோட்டம் வருவது ‘கோடு’ என்பதிலிருந்து; கோடுதல் என்றால் வளைதல். யானைத் தந்தம், சங்கு, மரக்கிளை எல்லாமே கோடு. வளைந்தவை அல்லவா!

> கோட்டம் என்றால் வருவாய்க் கோட்டம்தான் நினைவுக்கு வரும்.

அதற்காகத்தான் முன்னால் ‘உள்’ நிற்கிறது. ‘சார்பு’ மட்டும் என்ன? கணக்குப் புத்தகத்தில் ‘உறவுகளும் சார்புகளும்’ படித்த பிள்ளைக்கு அது வேறு பொருள்.

பெரும்பாலோர் ‘பாலினச் சார்பு’ போதும் என்கிறீர்கள். சரி, தலைப்பில் அதுவே இருக்கட்டும். ஆனால் 4.35, 3.55 வரும் பத்தியில் ‘பால் உட்கோட்டம்’ என்றே எழுதியிருக்கிறேன். அதை எடுக்க மனம் வரவில்லை.

நாளை மாலை மெய்ப்புப் பார்க்க யாருக்காவது நேரம் இருக்குமா? மொத்தம் 12 பக்கம்.

அன்புடன்