பேசியே ஒருவரை மயக்க முடியுமா? பெரியம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்

எபேன்_இரவுப்பணி:

வணக்கம். ஒரே வாரத்தில் இரண்டு விஷயம் நடந்து தலை சுற்றுகிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இங்கே மொரீஷியசில், எபேனில் ஒரு கால் சென்டரில் எனக்கு வேலை, பிரான்சில் இருப்பவர்களுக்குப் போன் போட்டு இன்சூரன்ஸ் விற்கிறோம். போன திங்கட்கிழமை ஒரு பயிற்சியாளர் வந்து "இப்னோஸ் கோன்வெர்சாசியோனெல்", அதாவது பேச்சிலேயே செய்யும் ஹிப்னாடிசம் என்று வகுப்பு எடுத்தார். கண்ணை மூடச் சொல்ல வேண்டாம், கடிகாரத்தை ஆட்ட வேண்டாம், சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிராளியின் ஆழ்மனதுக்குள் போய்விடலாமாம். அடுத்த வாரம் இரண்டாம் பாகம், அதற்கு நாங்கள் கைக்காசு கட்ட வேண்டும்.

இரண்டாவது விஷயம், ஃபிளாக் பக்கம் தனியாக இருக்கும் என் பெரியம்மா. வெள்ளிக்கிழமை காலை ஒருவன் வாசலில் வந்து நின்றிருக்கிறான், நகைக்கு மெருகு போடுகிறவனாம். கிரியோலில்தான் பேச்சு, நடுநடுவே "அம்மா", "முருகா". "விபூதி பூசியிருக்கிறீர்கள், பார்க்கவே நிறைவாக இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை வேறு. வீட்டில் யாருக்கோ முழங்கால் வலி போலிருக்கிறதே" என்றெல்லாம் சொல்லிவிட்டு, வளையல் மங்கிக் கிடப்பது வீட்டுக்கு ஆகாது என்றானாம். பெரியம்மா இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்துவிட்டார். உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள் ஆளைக் காணோம். "என்னமோ சொக்குப்பொடி போட்ட மாதிரி இருந்தது" என்கிறார். சித்தப்பாவோ இது வசியம்தான், மாந்திரீகம் செய்யும் லொங்கானிஸ்திடம் போய்ப் பரிகாரம் கேட்போம் என்று குதிக்கிறார்.

பயிற்சியாளர் சொன்னதும் பெரியம்மாவுக்கு நடந்ததும் ஒன்றுதானா? நிஜமாகவே இப்படி ஒரு வித்தை இருக்கிறதா, எங்கிருந்து வந்தது?


கியூர்பிப்_செவிலி:

தங்கச்சி, முதலில் லொங்கானிஸ்துக்குக் காசு போகாமல் தடுத்துவிடு, ஏற்கெனவே போனது போதும். போலீசில் எழுதிக் கொடுத்தீர்களா?

அவன் பேசிய வரிசையைப் பார். விபூதி பூசியிருக்கிறீர்கள்: நெற்றியிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை: சந்தேகமே இல்லை. முழங்கால் வலி: வாசலில் கைத்தடி சாய்த்து வைத்திருப்பார், கண்ணுள்ள எவனும் சொல்லிவிடலாம். மூன்று தடவை மனசு "ஆமாம்" போட்டாகிவிட்டது, நாலாவதாக அவன் செருகியதற்கும் அதே வேகத்தில் ஆமாம் விழுந்துவிட்டது. எதிராளி மறுக்க முடியாததைச் சொல்லிக்கொண்டே கூட நடப்பது, அப்புறம் மெதுவாக நம் வழிக்குத் திருப்புவது. பயிற்சியாளர் காட்டியதிலும் இது கட்டாயம் இருந்திருக்கும். அந்த அளவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் இந்தப் பேச்சு முறையை உருவாக்கியவர் வளையலுக்காக உருவாக்கவில்லை. மில்டன் எரிக்சன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், 1901இல் நெவாடாவில் பிறந்து விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். பதினேழு வயதில் போலியோ வந்து உடம்பு மொத்தமும் முடங்கிப் படுத்துவிட்டார், கண்ணும் பேச்சும்தான் மிச்சம். படுத்த இடத்திலிருந்து வீட்டில் இருப்பவர்களைப் பார்ப்பதுதான் பொழுது: அக்கா தங்கைகள் வாயால் ஒன்றைச் சொல்லிக் குரலில் அதற்கு நேர்மாறாகச் சொல்வது, நடை பழகும் கைக்குழந்தை எந்தக் காலில் முதலில் எடையைப் போடுகிறது என்பது வரைக்கும். அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான் தானும் மறுபடி நடக்கக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்ன ஒரு சின்ன வயதுக் கதை எனக்குப் பிடிக்கும். அப்பா ஒரு கன்றுக்குட்டியைத் தொழுவத்துக்குள் இழுக்கிறார், அது கால்களை ஊன்றிக்கொண்டு வர மறுக்கிறது. பையன் போய் வாலைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தான், அதற்கும் எதிர்த்துக்கொண்டு அது அப்பாவை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது! நோயாளியின் பிடிவாதத்தை உடைக்காமல் அதையே வேலைக்கு வைத்துக்கொள்வது, அவர் வைத்தியம் முழுக்க இதுதான்.

1966இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில் பூச்செடி வளர்ப்பவர் ஒருவர் வருகிறார். முகத்தில் புற்றுநோய், தாங்க முடியாத வலி, தொண்டையில் துளை போட்டிருந்ததால் பேச முடியாது, எழுதித்தான் காட்டுவார். ஹிப்னாடிசம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. எரிக்சன் அந்தப் பேச்சையே எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து தக்காளிச் செடியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். விதை மண்ணுக்குள் நிம்மதியாகக் கிடக்கிறது, மழை மெதுவாக வருகிறது, வேர் அமைதியாக இறங்குகிறது. அந்த "நிம்மதி", "மெதுவாக", "அமைதி" வரும் இடங்களில் மட்டும் குரலைக் கொஞ்சம் மாற்றுவார். அந்த ஆளுக்கு வலி குறைந்து சாப்பாடும் தூக்கமும் வந்தன. வலிப் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், இதில் மந்திரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோமே, குழந்தையின் கவனம் நிலாவில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. அந்த ரகம்தான்.


ரோஸ்ஹில்_பழைய_வாத்தியார்:

செவிலி அம்மா எரிக்சனிலிருந்து ஆரம்பித்துவிட்டார், கதை அதற்கு ரொம்ப முன்னால் தொடங்குகிறது. மெஸ்மர் என்ற வைத்தியர் வியன்னாவில் பெயர் கெட்டு, 1778இல் பாரிசுக்கு வந்து கடை விரித்தார். உடம்புக்குள் ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அதைத் தான் சரிசெய்வதாகச் சொன்னார். ஊரே பைத்தியமாக ஓடியது. 1784இல் பிரெஞ்சு அரசர் ஒரு குழு போட்டார், அதில் பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியல் அறிஞர் லவாய்சியரும் இருந்தார்கள். பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் "காந்தம் ஏற்றிவிட்டு" பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மற்ற மரங்களிடம் கூட்டிப் போனார்கள். அவன் தப்பான மரத்தடியிலேயே மயங்கி விழுந்தான். காந்தம் பொய், கற்பனைதான் மெய் என்று குழு எழுதியது. எனக்கென்னவோ அந்த முடிவைத்தான் அவர்களே சரியாகக் கவனிக்கவில்லை என்று தோன்றும், வெறும் கற்பனை ஒரு பையனை மயக்கமாக விழவைக்கிறது என்றால் அது என்ன சின்ன விஷயமா?

அதைக் கவனித்தவர் நம் பக்கத்து ஆள். கோவா கண்டோலிமில் 1756இல் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா. பாரிசில் 1813இலிருந்து கூட்டம் போட்டு, என் கையில் ஒரு சக்தியும் இல்லை, எல்லாம் உங்கள் மனசிலிருந்துதான் வருகிறது என்று சொன்னார். பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. அப்புறம் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற ஸ்காட்டிஷ் அறுவை மருத்துவர், 1841இல் ஒரு மேடைக் காட்சியைப் பித்தலாட்டம் என்று நிரூபிக்கப் போய், தானே அதில் இறங்கிவிட்டார். தூக்கத்துக்கான கிரேக்கச் சொல்லை வைத்து ஹிப்னாடிசம் என்ற பெயரை நிலைநிறுத்தியது அவருடைய 1843ஆம் வருடப் புத்தகம். பிறகு, இது தூக்கமே இல்லை, ஒரே எண்ணத்தில் மனசு குவிவது என்று புரிந்து பெயரை மாற்றப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை.

நம் தீவுக்காரர்களுக்கு ஒன்று. அந்தப் புத்தகம் 1883இல் பிரெஞ்சில் வந்தபோது முன்னுரை எழுதியவர் போர்ட் லூயியில் பிறந்த மருத்துவர் பிரௌன் செக்கார். போ பாசேன் மனநல மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். இத்தனை வருடம் அந்த வழியாகப் போயிருக்கிறேன், இது தெரிந்ததே ஓய்வு பெற்ற பிறகுதான்.

ஃபாரியா மாதிரி ஆட்கள் நேரடியாக உத்தரவு போட்டவர்கள், "தூங்கு" என்றால் தூங்கு. எரிக்சன் அதை விட்டுவிட்டுக் கதை, சுற்றிவளைத்த பேச்சு என்று போனதுதான் திருப்பம்.


விற்றுக்_களைத்தவன்:

நான் பன்னிரண்டு வருடம் போனில் விற்றவன், அந்த இரண்டாம் பாகத்துக்கும் காசு கட்டியவன். அதனால் கொஞ்சம் கசப்போடுதான் பேசுவேன்.

எரிக்சன் கையிலிருந்து இது உங்கள் எபேனுக்கு எப்படி வந்தது என்றால், 1970களில் கலிபோர்னியா சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் பேண்ட்லர் என்ற மாணவரும் கிரிண்டர் என்ற மொழியியல் ஆசிரியரும் அவர் பேசும் விதத்தைப் பிரித்துப் பார்த்து, 1975இல் ஒரு புத்தகமாகப் போட்டார்கள். அந்த வழியில் வளர்ந்ததுதான் என்.எல்.பி. (நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்), பிரெஞ்சில் பி.என்.எல். மருத்துவம் கழன்றுபோய் வாய்பாடு மட்டும் மிஞ்சியது, அதை விற்பனைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1988இல் அமெரிக்க ராணுவத்துக்காகத் தேசிய ஆய்வுக் குழு ஒன்று அலசிப் பார்த்து, என்.எல்.பி.க்குச் சரியான ஆதாரம் கிடைக்கவில்லை என்றே எழுதியது. சுற்றிவளைத்துச் சொல்வது நேராகச் சொல்வதைவிட வலுவானதா என்று ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் தென்படவில்லை.

வகுப்பில் காட்டும் வித்தைகளில் பாதி நம் வீட்டிலேயே இருக்கிறது. விருந்தாளியிடம் "ஏதாவது குடிக்கிறீர்களா" என்று கேட்டால் வேண்டாம் என்பார், அம்மா "டீயா காப்பியா" என்றுதான் கேட்பார். குடிப்பது முடிவாகிவிட்டது, எது என்பது மட்டும்தான் பாக்கி. அடுத்தது மொட்டையான சொற்கள். "உங்களுக்கு உள்ளுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது, இல்லையா" என்றால் என்ன ஒன்று என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவரவர் உறுத்தலை அவரவரே போட்டு நிரப்பிக்கொள்வார்கள். ஜோசியக்காரனுக்கும் இதுதான் சோறு.

இதையெல்லாம் பேசினால் விற்பனை கொஞ்சம் கூடும், வாங்கலாமா என்று இருந்தவர் வாங்குவார். வேண்டவே வேண்டாம் என்றவரை நான் ஒரு தடவைகூடத் திருப்பியதில்லை.


மழைக்காலத்_தவளை:

எல்லாம் சரி, காவடி எடுக்கும்போது கன்னத்தில் வேல் குத்தினால் வலி தெரியாமல் இருக்கிறதே, அதுவும் ஹிப்னாடிசம்தானே? கோயிலே பெரிய ஹிப்னாடிசம்.


ரோஸ்ஹில்_பழைய_வாத்தியார்:

தம்பி, ஒரு சொல் கிடைத்துவிட்டது என்று எல்லாவற்றுக்கும் ஒட்டாதே. மேளம், அரோகரா, விரதம், கூடவே நடக்கும் குடும்பம், இவையெல்லாம் சேர்ந்து கவனத்தை ஒரே இடத்தில் குவிக்கின்றன, அந்த மட்டில் உறவு உண்டு. ஆனால் அங்கே உன்னை யாரும் பேசி எங்கும் இழுக்கவில்லை, வேண்டிக்கொண்டு நீயாகப் போகிறாய். நானும் ஏழு தடவை எடுத்திருக்கிறேன், வலி தெரிந்தது, பொருட்டாக இல்லை.


கியூர்பிப்_செவிலி:

வாத்தியார் ஐயா சொன்ன "வலி தெரிந்தது, பொருட்டாக இல்லை" என்பதைத்தான் ஹிப்னாடிசம் செய்துகொண்ட நோயாளிகளும் சொல்வார்கள், அதனால் தவளை கேட்டது அப்படி ஒன்றும் அபத்தமில்லை.

தங்கச்சிக்கு இன்னொன்று. எல்லோரும் ஒரே அளவில் வசப்பட மாட்டார்கள். ஸ்டான்போர்டில் 1959இல் வைட்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் இதற்கென்றே பன்னிரண்டு சோதனைகள் கொண்ட ஒரு அளவுகோல் செய்தார்கள். சிலர் அதில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆழமாகப் போவார்கள், சிலருக்கு ஒன்றுமே ஆகாது, பெரும்பாலோர் நடுவில். இது முட்டாள்தனத்துக்கான அளவு இல்லை, நாவல் படித்தால் ஊர் உலகம் மறந்துவிடுகிறவர்களைப் போன்ற ஒரு குணம்.

அப்புறம் உன் சித்தப்பா "வசியம் வைத்தால் எதையும் செய்ய வைக்கலாம்" என்று நினைப்பதற்கு: 1965இல் ஓர்ன், எவன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹிப்னாடிசத்தில் இருந்தவர்களிடம் விஷப்பாம்பைப் பிடி, அமிலத்தில் கையை விடு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள் (உள்ளுக்குள் பாதுகாப்பு செய்துவிட்டுத்தான்). செய்தார்கள். ஆனால் ஹிப்னாடிசத்தில் இருப்பதாக வெறுமனே நடித்தவர்களும் அதையே செய்தார்கள்! இது ஆராய்ச்சி, நமக்கு ஒன்றும் ஆக விடமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் செய்ய வைத்தது. பெரியம்மாவையும் கழற்ற வைத்தது அந்த மாதிரி ஒரு நம்பிக்கைதான், முருகா என்று சொன்னவன் திருட மாட்டான் என்று.


எபேன்_இரவுப்பணி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, சித்தப்பாதான் கூட வந்தார், வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே.

இரண்டாம் பாகத்துக்குப் பணம் கட்டவில்லை. இதையெல்லாம் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், டீயா காப்பியா வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார். அவனும் கழற்றித் தருகிறீர்களா என்று கேட்கவே இல்லையாம். "எந்தக் கை வளையலை முதலில் பார்க்கட்டும் அம்மா, வலதா இடதா?" என்றுதான் கேட்டானாம். பெரியம்மா இடது என்று சொல்லியிருக்கிறார்.