பதினாலு நாளில் அறுவடையே முடிஞ்சிடும்

மன்னார்குடி பக்கம், நெல் ஆலைத் தொழிலாளி:

பதினெட்டு வருஷமா ஒரே ஆலையில் மூட்டை இறக்குறேன். பதிவேட்டில் நூத்தி இருபது பேர் இருக்கோம். பத்து வருஷம் முன்னாடி ஒரு தை மாசம், "ஆலையை மூடப் போறேன், கணக்கை முடிச்சுக்குங்க"ன்னு முதலாளி சொல்லிட்டாரு. அன்னிக்கு எங்க சங்கச் செயலாளர் அண்ணன் ஒரே ஒரு தாளை எடுத்துக்கிட்டுத்தான் உள்ளே போனாரு. நூறு பேரும் அதுக்கு மேலும் வேலை செய்யற ஆலையை அரசாங்க அனுமதி இல்லாம மூட முடியாதுங்கிற சட்டப்பிரிவு அது. மூடுற பேச்சு அதோட நின்னுது. என் மூத்தவ அப்போ அஞ்சாவது படிச்சா. அந்த வேலை போயிருந்தா அவ படிப்பும் போயிருக்கும்.

2025 நவம்பர் 21-ல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் நடைமுறைக்கு வந்துச்சு. பழைய 29 சட்டங்களை மடக்கி நாலாக்கியிருக்காங்க. அந்த நூறு இப்போ முந்நூறு. எங்க பக்கம் முந்நூறு பேர் வேலை பார்க்கிற ஆலை எங்கே இருக்கு? ரெண்டு நாள் கழிச்சுக் கணக்குப்பிள்ளை கூப்பிட்டு, "தம்பி, இனிமே அந்தத் தாள் செல்லாது, பார்த்து நடந்துக்குங்க"ன்னார். மிரட்டலாச் சொல்லலை, பயந்துதான் சொன்னார். அவர் பேரும் அந்த நூத்தி இருபதில்தான் இருக்கு.

26-ம் தேதி இதை எதிர்த்து ஆர்ப்பாட்டத்துக்குப் போனோம். சட்ட நகலைக் கொளுத்தும்போது கையில் அரிவாளோட பஸ்ஸுக்கு நின்ன ஒரு அம்மா, "என்னத்தப்பா கொளுத்துறீங்க?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். கடைசிவரை கேட்டுட்டு, "உங்களுக்காவது பறிபோறதுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. வயக்காட்டுல நிக்கிற எங்களுக்கு என்னப்பா இருக்கு?"ன்னாங்க. பதில் சொல்லத் தெரியலை. பஸ் வந்துச்சு, ஏறிப் போயிட்டாங்க. இன்னும் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகலை.

திருத்துறைப்பூண்டி பக்கம், சுமைதூக்கும் தொழிலாளி:

நீங்க முந்நூறைச் சொன்னீங்க தோழர். எனக்குப் புதுச் சட்டத்துல இருக்கிற அந்தப் பதினாலு நாள்தான் வலிக்குது.

எங்க ஆலையில் மூட்டைக்குக் கூலி ஏத்தாம மூணு வருஷம் இழுத்தாங்க. ஒரு மாசி மாசம், நெல் லாரி வரிசையா ரோட்டோரம் நிக்கும்போது நாங்க துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துட்டோம். வானம் மூடியிருந்துச்சு. காலையில் உட்கார்ந்தோம், சாயங்காலம் பேச்சுக்குக் கூப்பிட்டாங்க, ஏத்திக் கொடுத்தாங்க. எங்க பலமே அந்த ஒரு நாள்தான். இப்போ எந்தத் தொழிலா இருந்தாலும் ஸ்ட்ரைக்குன்னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பதினாலு நாள் காத்திருக்கணும். அதுக்குள்ள சமரசப் பேச்சு ஆரம்பிச்சிட்டா, அது முடிஞ்சு ஏழு நாள் வரைக்கும் வேலையை நிறுத்தக் கூடாது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாள் லீவு போட்டாலும் அதுவும் ஸ்ட்ரைக்குன்னு எழுதியிருக்கு. பதினாலு நாளில் எங்க ஊர் அறுவடையே முடிஞ்சிடும். லாரி போன பிறகு யாரை எதிர்த்து உட்கார்றது?

மயிலாடுதுறை பக்கம், இறால் உரிக்கும் பெண் தொழிலாளி:

மன்னார்குடி அண்ணனுக்கு. அந்த அம்மாவோட கேள்வியை எங்க அப்பாவிடம் படிச்சுக் காட்டினேன். விவசாயக் கூலி, எழுபது தாண்டியவர். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுறேன்.

"அரைப்படி நெல் கூடக் கேட்டதுக்கு வெண்மணியில 44 உசுரைக் கொளுத்துனாங்க. 1968 டிசம்பர் 25. அதுக்குப் பிறகுதான் 1969-ல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்துச்சு. யாரும் தூக்கிக் கொடுக்கலை."

1982 ஜனவரி 19 பத்தியும் சொன்னார். நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தம். விவசாயத் தொழிலாளிக்குத் தனிச்சட்டம் வேணும்னு அன்னிக்குக் கோரிக்கையிலேயே இருந்துச்சாம். பூட்டுறதுக்கு ஆலையும் இல்லை, மறிக்கிறதுக்கு வாசக்கதவும் இல்லை, ஆனாலும் அறுவடைக்குப் போகாம இறங்கியிருக்காங்க. திருமெய்ஞானத்தில் அஞ்சான், நாகூரான், மன்னார்குடியில் ஞானசேகரன், மூணு பேரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தாங்க. நாடு முழுக்கப் பொருந்துற அந்தத் தனிச்சட்டம் இன்னிக்கு வரைக்கும் வரலை.

என் அனுபவம் சின்னது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யற மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறின அன்னிக்கு, வேன்ல யாரும் பேசலை. ஒரு அக்கா மட்டும், "கடைசி பஸ் போயிடுமேடி"ன்னாங்க. ஐஸ் தண்ணியில் எட்டு மணி நேரம் நின்னாலே விரல் மரத்துப் போகும். சங்கங்கள் ஒண்ணா எதிர்த்ததில் நிறுத்தி வச்சாங்க, மே தினத்தன்னிக்கு வாபஸ்னு முதலமைச்சர் அறிவிச்சார். மறுநாள் வேன்ல அதே அக்கா எல்லாருக்கும் தேன்மிட்டாய் கொடுத்தாங்க.

அண்ணே, அந்த அம்மாவை மறுபடி பார்த்தா, ஜனவரி 19 அன்னிக்குத் திருமெய்ஞானத்துக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. அப்பா வருவார். அவங்க கேள்வியை அவர்கிட்டயே கேக்கட்டும்.