புதுப்பிப்பு: பீன்யா தொழிற்சாலையில் முடங்கிய உத்தி
சென்ற மாதம் இதே இழையில், பெங்களூரு பீன்யாவில் நான் மேலாளராக இருக்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில், சிறு ஆர்டர்களை விரைந்து முடித்துத் தரும் புதிய உத்தி ஏன் முடங்கிக் கிடக்கிறது என்று கேட்டிருந்தேன். ஷிப்டு மேற்பார்வையாளர்களிடம் பேசிப் பார்க்கச் சொன்னீர்கள், பேசினேன். ஓசூரிலிருந்து தினமும் வரும் மூத்தவர் ஒருவர், "சிறு ஆர்டர் என்றால் மெஷின் செட்டிங்கை அடிக்கடி மாற்ற வேண்டும், மாற்றினால் உற்பத்தி எண்ணிக்கை குறையும், ஊக்கத்தொகையோ எண்ணிக்கைக்குத்தானே சார்?" என்றார். மூன்று மாதக் கூட்டங்களில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாதது அது (வெட்கமாகத்தான் இருக்கிறது). அமெரிக்காவின் ஹார்வுட் ஆடைத் தொழிற்சாலையைப் பற்றி 1948இல் கோக், பிரெஞ்ச் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்விலும், மாற்றத்தை வடிவமைப்பதில் பங்கேற்ற தொழிலாளர் குழுக்களே பழைய உற்பத்தி அளவை விரைவில் எட்டின. ஊக்கத்தொகைக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து திருத்தியிருக்கிறோம். இரவு ஷிப்டு மட்டும் இன்னும் ஒப்பவில்லை.