எம்எஃப்ஐ 3000-க்குக் கீழே என்றால் பயமே இல்லையாம்!

நெடுவழி: குழந்தைக்கு இரண்டாவது கிட்னி வைக்கும்போது எம்எஃப்ஐ (தானம் தருபவரின் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடிக்கு லேப் தரும் எண்) 3000-க்குக் கீழே இருந்தால் பயமே வேண்டாம் என்று நேற்று ஒரு மேதாவி இங்கே அடித்துவிட்டிருக்கிறார். யார் கொடுத்த தைரியம் இது?

ஆய்வகவாசி: அந்த மேதாவி நான்தான், பெயரையே சொல்லலாம். லேபில் பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறேன். கிராஸ்மேட்ச் (தானம் தருபவரின் செல்களோடு நோயாளியின் சீரத்தைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை) நெகட்டிவ், எம்எஃப்ஐ 3000-க்குக் கீழே. வேறென்ன வேண்டும்?

நெடுவழி: ஒரே சீரத்தை இரண்டு லேபுக்கு அனுப்புங்கள், இரண்டு எண் வரும். எம்எஃப்ஐ என்பது சோதனைக்குப் பயன்படும் நுண்மணிகளில் ஒட்டிய ஆன்டிபாடியின் ஒளிர்வு. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வதில்லை. ஆன்டிபாடி எக்கச்சக்கமாக இருந்தாலே சில சமயம் எண் குறைத்துக் காட்டும். சீரத்தை நீர்க்க வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பதினோரு வருடத்தில் ஒருமுறையாவது நீர்க்க வைத்தீர்களா ஐயா?

மல்லிகா_அம்மா: எண்ணை விடுங்கள். என் மகளுக்கு மாற்றி வைத்த முதல் கிட்னி பழுதானதும், உடலின் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தை நிறுத்தினார்கள், அப்புறம் ரத்தமும் ஏற்றினார்கள். அதன் பிறகுதான் ஆன்டிபாடி எகிறியது. இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

ஆய்வகவாசி: நிறுத்தாவிட்டால் தொற்று வருமே அம்மா, அதையும் சொல்லுங்கள். நான் சொன்னது 3000 பற்றி மட்டும்.

பொன்வண்டு: பிளாஸ்மா மாற்று, ஐவிஐஜி, ரிடுக்சிமாப் என்று ஆன்டிபாடியைக் குறைக்கும் சிகிச்சை எல்லாம் எதற்கு இருக்கிறது? கழுவி எடுத்துவிட்டால் போச்சு.

நெடுவழி: வாங்க, நீங்கள்தான் பாக்கி. ஊற்றை விட்டுவிட்டு தண்ணீரை மட்டும் இறைப்பீர்களா? இன்று காணாமல் போன ஆன்டிபாடியையும், அதை மறுபடி உருவாக்கக்கூடிய நினைவு செல்கள் மறப்பதில்லை. அதனால்தான் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் கேட்கிறார்கள். போன மாதம் டிக்யூ (திசுப் பொருத்தத்தில் பார்க்கும் எச்எல்ஏ அடையாளங்களில் ஒன்று) பொருத்தம் பார்ப்பது வீண் வேலை என்று எழுதியதும் நீங்கள்தானே? கிட்னி மாற்றுக்குப் பிறகு புதிதாக முளைக்கும் ஆன்டிபாடியில் பெரும்பாலும் டிக்யூதான் நிற்கிறது. மன்னிப்பு இன்னும் வரவில்லை.

பொன்வண்டு: "வீண்" என்று எழுதவில்லை, "அவசரமில்லை" என்றேன். தமிழ் படிக்கத் தெரியாதா?

நெடுவழி: ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, போடவா?

மல்லிகா_அம்மா: என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.

ஆய்வகவாசி: நெடுவழிக்கு லேப்காரர்கள் மேல் என்ன காண்டோ. என் அனுபவம் என் அனுபவம்தான். 2800 வந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

நெடுவழி: எந்த லேபின் 2800? நீர்க்க வைப்பதற்கு முன்னாலா, பின்னாலா?

ஆய்வகவாசி: 3000-க்குக் கீழே. அவ்வளவுதான்.