மறு: மறு: ஓவியத்தின் ‘மூடு’க்குத் தமிழில் என்ன சொல்?

அன்பு நண்பர்களுக்கு,

கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓவிய வகுப்பு மாணவர்களுக்கானது. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் மொரோ 1876இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்த ‘உருவெளித்தோற்றம்’ என்ற நீர்வண்ண ஓவியம்தான் பாடம். படம் முழுக்கப் பரவும் உணர்வைக் குறிக்கும் ‘மூடு’ (mood), படத்துக்குள் வேறொரு பொருள் ஒளிந்திருப்பதைக் குறிக்கும் ‘அலிகரி’ (allegory), இந்த ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் தமிழ்ச்சொல் கேட்டேன். வந்த மடல்களுக்கு மொத்தமாக இங்கே பதில்.

> மெய்ப்பாடு இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? எட்டையும் தொல்காப்பியர் சொல்லிவிட்டார்.

ஐயா, மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி மெய்யில், அதாவது உடம்பில், படுவது. படத்தில், ஏரோது மன்னனின் அரண்மனைக் கூடத்தில், வெட்டுண்ட திருமுழுக்கு யோவானின் தலை ஒளிவட்டத்தோடு அந்தரத்தில் நிற்கிறது. ரத்தம் தரைவரை வழிகிறது. அந்தத் தலையைப் பரிசாகக் கேட்ட சலோமி கையை நீட்டியபடி உறைந்து நிற்கிறாள். அவள் உடம்பில் தெரிவது மருட்கையா அச்சமா என்று கேட்டால் மெய்ப்பாடு சரி. ஆனால் ஏரோது, சலோமியின் தாய் ஏரோதியாள், வாளோடு நிற்கும் கொலைஞன் யாருமே அந்தத் தலையைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த அசைவின்மையும் கூடத்தின் இருட்டும் சேர்ந்து நம்மை என்னவோ செய்கிறது. அது யார் மெய்யிலும் படவில்லை, தாள் முழுக்கப் பரவியிருக்கிறது. அதற்குத்தான் சொல் வேண்டும்.

> ‘மூடு’ தமிழ்தான். மூடு, மூட்டம், மூடாக்கு...

மூட்டம் அழகான சொல், விட மனமில்லை. ஆனால் அந்த ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்தில் மனத்தைக் குறித்த ‘மோட்’ என்பதிலிருந்து வந்தது. மூடுவதோடு உறவில்லை. அப்புறம், மகிழ்ச்சியான படத்துக்கு மூட்டம் எப்படிப் பொருந்தும்?

> அலிகரி என்பது இறைச்சியே. ‘இறைச்சி தானே பொருட்புறத் ததுவே.’

அம்மா, சொன்ன பொருளுக்குப் புறத்தே குறிப்பாகத் தோன்றும் பொருளைத்தான் தொல்காப்பியம் இறைச்சி என்கிறது. இலக்கணப்படி இதுதான் நெருங்கி வருகிறது. இயற்கைக் காட்சிக்குள் உவமையை மறைத்துவைக்கும் உள்ளுறையில் ஒன்றுக்கு ஒன்று ஒப்பாக நிற்க வேண்டும், தெய்வமும் வரக்கூடாது. ‘உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலம் எனக் கொள்ளும்’ என்பது நூற்பா. ஒளிவட்டம் சூடிய தலை அங்கேயே இடறும். (அதே நூற்பாவின் ‘குறி அறிந்தோரே’யிலிருந்து குறியீட்டியம் (symbolism) என்ற கலை இயக்கத்துக்கு வேர் தேடிய நண்பருக்கு: அந்த இயக்கம் பெயரும் அறிக்கையும் பெற்றது 1886இல், கவிஞர் மொரேயாஸால். படம் அதைவிடப் பத்து ஆண்டு மூத்தது.) ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் பிறிதுமொழிதல் அணியும் உதவாது. குறளில் மயிற்பீலி வண்டியின் அச்சு முறிந்தது என்றால் பொருள் ஒன்றுதான், அளவு மீறினால் கேடு. மொரோவின் தலையோ சலோமியின் மனச்சாட்சியா, அவள் தொடமுடியாத புனிதமா, அவள் ஆசையே அவளைத் திரும்பிப் பார்க்கிறதா, எதையும் அறுதியிட்டுச் சொல்லாது. இப்படிப் பல பொருளுக்கு இடம் இறைச்சியில்தான் உண்டு. ஆனாலும் ரத்தம் சொட்டும் தலையைத் திரையில் காட்டிவிட்டு ‘இதிலுள்ள இறைச்சியை விளக்குக’ என்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பேன்? பழஞ்சொல்லைக் காப்பாற்றப் போய்ப் படத்தை இழந்துவிடுவோம்.

‘மூடு’க்கு என் விருப்பம் ‘தோய்வு’. ஈரத்தாளில் நிறம் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தூரிகை தொட்ட இடத்தில் நிற்காது, ஓரம் தெரியாமல் ஊறிப்போகும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. தயிர் தோய்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் மறுத்திருந்தார். வரட்டுமே. அங்கேயும் ஒரு துளி மோர் பால் முழுவதையும் மாற்றுகிறது.

பெரும்பாலோர் ‘மூடு’க்கு ‘உணர்வுநிலை’, ‘அலிகரி’க்கு ‘உருவகம்’ போதும் என்கிறீர்கள். சரி, நேரமில்லை, அச்சில் அவையே போகட்டும். வகுப்பில் நான் தோய்வு என்றுதான் சொல்வேன். ‘உருவகம்’ எனக்கு இன்னும் ஒப்பவில்லை. இறைச்சியின் பொருளைத் தாங்கும் வேறு சொல் யாருக்காவது தோன்றினால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.