உதவி தேவை: தரக் குறியீட்டு அறிக்கையில் என்ரோல்ட் நர்ஸ் நிமிடங்களுக்குக் கட்டமே இல்லை

இரவுப்பணி | 17 ஜூலை 2025, இரவு 11.40

வணக்கம். எங்கள் முதியோர் இல்லத்தின் பராமரிப்புத் தரத்தை எண்களால் காட்டும் காலாண்டு அறிக்கையை 21ஆம் திகதிக்குள் அனுப்பியாக வேண்டும். ஏப்ரல் மாதத்திலிருந்து குறியீடுகள் பதினான்காகிவிட்டன என்றார்கள். ஆனால் நான் திறந்து பார்த்த இடத்தில் என்ரோல்ட் நர்ஸ் (ரெஜிஸ்டர்டு நர்ஸுக்கு அடுத்த நிலைச் செவிலி) வேலை செய்த நிமிடங்களையும் லைஃப்ஸ்டைல் அலுவலரின் (இல்லவாசிகளின் பொழுதுபோக்கு நடவடிக்கைகளைக் கவனிப்பவர்) நிமிடங்களையும் எழுதுவதற்குக் கட்டமே இல்லை. இல்லவாசிகளின் எடைக்குறைவுக் கணக்கும் ஒத்துவரவில்லை; ஓரிடத்தில் 57 என்றும் இன்னோரிடத்தில் 55 என்றும் வருகிறது. முன்பு இதைச் செய்துவந்த அக்கா சென்ற மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார். தெரிந்தவர்கள் உடனே சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மேப்பிள்_மதி | 17 ஜூலை, இரவு 11.58

எந்த நாட்டு அறிக்கையைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைச் சொல்லவில்லையே. நான் டொராண்டோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பணிபுரிகிறேன். என்ரோல்ட் நர்ஸ் என்ற பதவிப் பெயர் இங்கே வழக்கில் இல்லாததால், நீங்கள் ஆஸ்திரேலியாவில் இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

தொழில்நுட்பத்_தம்பி | 18 ஜூலை, காலை 6.10

அக்கா, இது பெரும்பாலும் அனுமதிச் சிக்கலாகத்தான் இருக்கும். வேலையை விட்டுப் போனவரின் கணக்குக்கு இருந்த உரிமைகள் உங்கள் கணக்குக்கு முழுமையாக மாற்றப்படவில்லை என்றால், சில பகுதிகள் உங்கள் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். எண்களை நேரடியாகத் தட்டச்சு செய்கிறீர்களா, நிரப்பிய கோப்பை ஏற்றுகிறீர்களா? கோப்பு என்றால், பதினொரு குறியீடுகள் இருந்த காலத்துப் பழைய வார்ப்புருவை அந்த அக்கா கணினியில் சேமித்து வைத்திருக்கக்கூடும். எந்த உலாவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தூங்காபி_அண்ணன் | 18 ஜூலை, காலை 7.25

தங்கச்சி, வீணாக அலைய வேண்டாம். புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் ஜூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வருவதாக இருந்து, கடைசி நேரத்தில் நவம்பர் 1க்குத் தள்ளிவைக்கப்பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனோடு சேர்ந்து புதிய குறியீடுகளும் தள்ளிப்போயிருக்க வேண்டும். கட்டம் இல்லாததற்குக் காரணம் அதுதான். பழையபடி பதினொன்றை மட்டும் நிரப்பி அனுப்பிவிடுங்கள்.

சுவடிப்புழு | 18 ஜூலை, காலை 9.05

ஊகங்களைப் பரப்புவதற்கு முன் கையேட்டின் முதல் இரண்டு பக்கங்களையாவது படித்திருக்கலாம். இந்தத் தளத்தில் ஒவ்வொரு காலாண்டிலும் இதே கேள்வி வருகிறது. ஒவ்வொரு முறையும் நானே வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டாயத் தரக் குறியீட்டுத் திட்டம் 2019 ஜூலை 1 அன்று அழுத்தப் புண், உடற்கட்டுப்பாடு, திட்டமிடாத எடைக்குறைவு ஆகிய மூன்றோடு தொடங்கியது. 2021 மார்ச்சில் முதியோர் பராமரிப்பை விசாரித்த ராயல் கமிஷனின் இறுதி அறிக்கை வெளியான பிறகு, அதே ஆண்டு ஜூலையில் விழுதலும் மருந்து மேலாண்மையும் சேர்ந்து ஐந்தாயின. 2023 ஏப்ரலில் அன்றாடச் செயல்திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடின்மைப் பராமரிப்பு, மருத்துவமனைக்குச் செல்லுதல், பணியாளர் நிலைப்பு, இல்லவாசிகளின் அனுபவம், வாழ்க்கைத் தரம் ஆகிய ஆறும் சேர்ந்து பதினொன்றாயின. என்ரோல்ட் நர்ஸ், அலைட் ஹெல்த் (பிசியோதெரபி, பாத மருத்துவம் போன்ற துறைகள்), லைஃப்ஸ்டைல் அலுவலர் பற்றிய மூன்றும் 2025 ஏப்ரல் 1 அன்று சேர்ந்தன. இவற்றுக்கும் நவம்பருக்குத் தள்ளிப்போன சட்டத்துக்கும் முடிச்சுப் போடக் கூடாது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்குப் பதினான்கும் பொருந்தும்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று. இல்லத்தில் எத்தனை பேர், எந்தக் குறியீட்டில் 57, எந்தக் குறியீட்டில் 55 என்று சொல்லாமல் "ஒத்துவரவில்லை" என்றால் சோதிடர்தான் பதில் சொல்ல வேண்டும்.

தூங்காபி_அண்ணன் | 18 ஜூலை, காலை 9.20

சரி ஐயா, சட்டத்தையும் குறியீட்டையும் குழப்பிக்கொண்டது என் பிழை. ஆனால் இத்தனை வரலாறு சொன்ன நீங்கள், அந்தக் கட்டம் எங்கே என்பதை இன்னும் சொல்லவில்லை.

வரவுசெலவு | 18 ஜூலை, மதியம் 12.40

நான் ஓர் இல்லத்தின் கணக்குப் பிரிவில் இருப்பவன். செவிலிப் பணி எனக்குத் தெரியாது. ஆயினும் இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் மேசையில்தான் இருக்கிறது. அந்தக் கட்டம் மறைந்துவிடவில்லை. அங்கே இருக்க வேண்டியதே இல்லை. என்ரோல்ட் நர்ஸ், லைஃப்ஸ்டைல் அலுவலர், அலைட் ஹெல்த் பணியாளர் ஆகியோர் உழைத்த நேரத்தை நாங்கள் ஏற்கனவே காலாண்டு நிதி அறிக்கையில் தருகிறோம். அதே எண்களை எடுத்து அரசே நிமிடக் கணக்கைப் போட்டுக்கொள்கிறது. ஆகவே அவற்றை இரண்டாவது முறை நீங்கள் எழுத வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான நிதி அறிக்கைக்குக் கெடு ஆகஸ்ட் 4. உங்களுடையதற்கு ஜூலை 21. இரண்டு கெடுக்களும் வேறுவேறாக இருப்பதால் இந்தக் குழப்பம் பலருக்கு வருகிறது.

நீங்கள் புதிதாகத் திரட்ட வேண்டியது ஒன்றே ஒன்று. அலைட் ஹெல்த் சேவைகளில் பராமரிப்புத் திட்டங்களில் பரிந்துரைக்கப்பட்டவற்றுள் எவை உண்மையில் கிடைத்தன என்பதைத் துறைவாரியாகப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: இதற்காக எங்களிடம் வந்து பற்றுச்சீட்டுகளைக் கேட்காதீர்கள். எத்தனை சேவைக்குப் பணம் கொடுத்தோம் என்பதையே பற்றுச்சீட்டு காட்டும்; எத்தனை பரிந்துரைக்கப்பட்டன என்பதை அது காட்டாது. பராமரிப்புத் திட்டங்களையும் அன்றாடக் குறிப்புகளையும் நீங்களே உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த எண் கிடைக்கும்.

இரவுப்பணி | 18 ஜூலை, மாலை 4.15

மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். மெல்பேர்னில் ஓர் இல்லம். 62 பேர் இருக்கிறார்கள். நேரடியாகத்தான் தட்டச்சு செய்கிறேன். 57 என்பது குறிப்பிடத்தக்க எடைக்குறைவுக்காகக் கணக்கில் எடுத்தவர்களின் எண்ணிக்கை. 55 என்பது தொடர் எடைக்குறைவுக்காகக் கணக்கில் எடுத்தவர்களின் எண்ணிக்கை. நிமிடங்களைப் பற்றிச் சொன்ன அண்ணாவுக்கு மிக்க நன்றி. நான் பற்றுச்சீட்டுகளை வைத்துத்தான் 100 சதவீதம் என்று எழுதி வைத்திருந்தேன்.

வார்டு_விளக்கு | 18 ஜூலை, மாலை 5.30

தங்கச்சி, அந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறிப்பிடத்தக்க எடைக்குறைவு என்பது சென்ற காலாண்டின் இறுதி எடையோடு இந்தக் காலாண்டின் இறுதி எடையை ஒப்பிட்டு, ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு இரண்டு எடைகள் போதும். தொடர் எடைக்குறைவில் மூன்று மாதமும் ஒவ்வொரு முறையும் சிறிதளவாவது குறைந்ததா என்று பார்ப்பதால் நான்கு எடைகள் வேண்டும். மே மாதத்தில் ஒருவர் வைத்தியசாலையில் இருந்து, அந்த மாத எடை எடுக்கப்படாமல் போயிருந்தால், அவர் முதற்கணக்கில் இருப்பார், இரண்டாவதில் விலக்கப்படுவார்.

அறுபது கிலோ இருந்த ஒருவர் காலாண்டின் முடிவில் 57 கிலோவாக இருந்தால் அது சரியாக ஐந்து சதவீதம். அவரை முதற்கணக்கில் எடை குறைந்தவராகச் சேர்க்க வேண்டும். இன்னொருவர் 60இலிருந்து 59.5, 59, 58.5 என்று இறங்கியிருந்தால் முதற்கணக்கில் எடை குறைந்தவராக வரமாட்டார், இரண்டாவதில் வருவார். இரண்டிலும் வருகிறவர்களும் உண்டு. ஆகவே இரண்டையும் கூட்டிப் பார்க்காதீர்கள். வாழ்நாளின் இறுதிக்கட்டப் பராமரிப்பில் இருப்பவர்களை இரண்டிலும் விலக்க வேண்டும். உங்கள் இல்லத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள், எடை விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று சொன்னால் 62இலிருந்து கழித்துப் பார்த்துவிடலாம்.

முழங்கால்_மருத்துவம் | 18 ஜூலை, இரவு 8.05

நான் சிட்னியில் பல இல்லங்களுக்குச் செல்லும் பிசியோதெரபிஸ்ட். மேலே சொன்ன "பரிந்துரைத்தவற்றுள் கிடைத்தவை" என்ற அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அறுபது பேர் உள்ள ஓர் இல்லம் பத்துச் சேவைகளை மட்டும் பரிந்துரைத்து, பத்தையும் கொடுத்துவிட்டால் 100 சதவீதம் பெறும். பக்கத்துத் தெரு இல்லம் மனசாட்சியோடு நாற்பதைப் பரிந்துரைத்து முப்பதைக் கொடுத்தால் 75 சதவீதம்தான் பெறும். எந்த இல்லத்தில் உங்கள் தாயாரைச் சேர்ப்பீர்கள்? தேவையை எழுதாமல் விடுவதற்குப் பரிசு கொடுக்கும் அளவுகோல் இது.

சுவடிப்புழு | 18 ஜூலை, இரவு 8.40

அந்தச் சதவீதம் தனியாக நிற்கவில்லை என்பதைக் கவனிக்காமல் எழுதுகிறீர்கள். அலைட் ஹெல்த் நிமிடங்களும் அதனோடு சேர்ந்தே வெளிவரும். பத்தை மட்டும் பரிந்துரைத்த இல்லத்தின் நிமிடங்கள் குறைவாகவே இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு உண்மை விளங்கிவிடும்.

முழங்கால்_மருத்துவம் | 18 ஜூலை, இரவு 9.10

பார்க்கத் தெரிந்தவருக்கு விளங்கும் என்பதுதான் என் கவலையே, ஐயா. சராசரி நிமிடங்களை வைத்து, இடுப்பெலும்பு முறிந்து திரும்பிய முதியவருக்குக் கிடைத்ததா, நன்றாக நடமாடுகிறவருக்குக் கிடைத்ததா என்று சொல்ல முடியுமா? முந்தைய ஏ.சி.எஃப்.ஐ. நிதிமுறையில் வலி தணிப்புச் சிகிச்சைக்குத் தனியாக நிதி வந்ததால், இல்லங்கள் எங்களை வாரத்துக்கு நான்கு நாட்கள் அழைத்துத் தடவிவிடச் சொல்லின. அதுவும் நல்ல முறை என்று சொல்லமாட்டேன். 2022 அக்டோபர் 1 முதல் ஏ.என்.-ஏ.சி.சி. என்ற புதிய நிதிமுறை வந்தபோது அந்தக் கட்டு அவிழ்ந்தது. பல இடங்களில் எங்கள் நேரமும் குறைந்தது. அப்போது எதற்குப் பணம் வந்ததோ அதைச் செய்தார்கள். இப்போது எது எண்ணப்படுகிறதோ அதைச் செய்வார்கள்.

வரவுசெலவு | 18 ஜூலை, இரவு 9.45

இருவரும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. என்ரோல்ட் நர்ஸ் குறியீடு ஏன் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 2024 அக்டோபர் முதல் ஓர் இல்லவாசிக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் ரெஜிஸ்டர்டு நர்ஸ் தர வேண்டும் என்பது இலக்கு. இலக்கு ரெஜிஸ்டர்டு நர்ஸின் பெயரில் இருந்ததால், என்ரோல்ட் நர்ஸ்களுக்கான இடத்தைச் சில இல்லங்கள் சுருக்கின. நர்ஸ் இலக்கில் பத்தில் ஒரு பங்கு வரை அவர்களைக் கொண்டு நிரப்பலாம் என்ற சலுகையும், இப்போது அவர்களின் நிமிடங்களைத் தனியே எண்ணுவதும் அதைச் சரிக்கட்டத்தான் என்பது என் எண்ணம். ஓர் அளவுகோல் ஏற்படுத்திய கோணலை இன்னோர் அளவுகோல் நிமிர்த்தப் பார்க்கிறது.

மூன்றாம்_மகள் | 19 ஜூலை, காலை 10.15

நான் இந்தத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. என் அம்மா ஓர் இல்லத்தில் இருக்கிறார். நீங்கள் சண்டையிடும் இந்தச் சதவீதம், நாங்கள் இணையத்தில் பார்க்கும் நட்சத்திர மதிப்பீட்டில் சேருகிறதா? அம்மாவின் இல்லத்துக்கு நான்கு நட்சத்திரம் காட்டுகிறது. ஆனால் பாத மருத்துவர் வந்து பல மாதங்கள் ஆகின்றன.

வார்டு_விளக்கு | 19 ஜூலை, காலை 11.00

சேரவில்லை, அம்மா. மொத்த நட்சத்திரத்தில் இல்லவாசிகளின் அனுபவத்துக்கு 33, விதிமுறைக்கு இணங்குதலுக்கு 30, பணியாளர் நிமிடங்களுக்கு 22, தர அளவீடுகளுக்கு 15 சதவீதம் என்று எடை கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதினைந்துக்குள்ளும் 2021இல் இருந்த ஐந்து குறியீடுகள்தான் கணக்கில் வருகின்றன. பாத மருத்துவர் வராதது நட்சத்திரத்தில் தெரியாது. அம்மாவின் பராமரிப்புத் திட்டத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, அதில் பாத மருத்துவம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தும் வரவில்லையென்றால் ஒரு கேள்வி. எழுதவே இல்லையென்றால் இன்னொரு கேள்வி.

முழங்கால்_மருத்துவம் | 19 ஜூலை, காலை 11.20

நான் நேற்றிலிருந்து சொல்வதும் இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

சுவடிப்புழு | 19 ஜூலை, மதியம் 12.05

கேள்வி கேட்டவர் வந்து எடைக் கணக்கைச் சொல்லும் வரை மற்ற விவாதங்களைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். அளவுகோல் பிழையென்றாலும் 21ஆம் தேதி மாறப்போவதில்லை.

இரவுப்பணி | 21 ஜூலை, காலை 8.50

அனுப்பிவிட்டேன். இறுதிக்கட்டப் பராமரிப்பில் மூவர் இருக்கிறார்கள். ஏப்ரலில் சேர்ந்த இருவருக்குச் சென்ற காலாண்டின் எடை இல்லை. மே மாத எடை விடுபட்டவர்கள் வேறு இருவர். 57உம் சரி, 55உம் சரி. அலைட் ஹெல்த் கணக்கைத் திட்டங்களைப் பார்த்துத் திருத்தினேன். எல்லோருக்கும் நன்றி, தூங்கப் போகிறேன்.

முழங்கால்_மருத்துவம் | 21 ஜூலை, காலை 9.30

நிம்மதியாகத் தூங்குங்கள். எழுந்த பிறகு ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: 100 என்று எழுதி வைத்திருந்தீர்களே, திருத்திய பிறகு அது எவ்வளவு ஆனது?